பம்பு மேல பழி போடாதீங்க!

வில்லியனூர்ப் பக்கம் மனை சமன் செய்துகொண்டிருக்கும் ஒரு ஜேசிபி திடீரென்று சோர்ந்துபோகிறது. வாளி மண்ணுக்குள் இறங்குகிறது, அள்ளிக்கொண்டு எழும்ப மாட்டேன் என்கிறது. ஆபரேட்டர் லீவரை இழுத்துப் பார்க்கிறார், இன்ஜினை முறுக்கிப் பார்க்கிறார், கடைசியில் இறங்கி வந்து ஓனருக்குப் போன் போடுகிறார். “அண்ணே, பம்பு போயிடுச்சு.”

ஹைட்ராலிக் மிஷின் எது படுத்தாலும் நம் ஊரில் முதல் தீர்ப்பு இதுதான். டிப்பர் தொட்டி ஏறவில்லையா, பம்பு. டிராக்டரின் பின்கை கலப்பையைத் தூக்கவில்லையா, பம்பு. பட்டறையில் பிரஸ் அழுத்தவில்லையா, அதுவும் பம்பு. கழற்றிப் புதிதாக ஒன்று வாங்கிப் போடுகிறார்கள். சில சமயம் மிஷின் சரியாகியும் விடுகிறது. காரணம், பம்பை மாற்றும்போது கூடவே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றியிருப்பார்கள். பழைய பம்பு பழைய இரும்புக் கடைக்குப் போகும். அதற்கு வாய் இருந்தால் நிறையப் பேசும்.

இந்தத் தவறான தீர்ப்புக்கு விலை உண்டு. பம்பின் விலை, மிஷின் நிற்கும் நாட்களின் வாடகை, அடுத்த வேலைக்கு வாங்கிய அட்வான்ஸ் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் ஆபரேட்டரையோ மெக்கானிக்கையோ குறை சொல்லிப் பயனில்லை. இன்ஜினில் பெல்ட் அறுந்தால் கண்ணுக்குத் தெரியும். கியர் பல் உடைந்தால் காதுக்குத் தெரியும். ஹைட்ராலிக்கில் எல்லாம் இரும்புக் குழாய்க்குள்ளும் ரப்பர் ஹோஸுக்குள்ளும் நடக்கிறது. உள்ளே ஆயில் எங்கே போகிறது, எங்கே திரும்புகிறது, எங்கே வழி தவறுகிறது என்பதை ஒருமுறையாவது கையால் பொருத்திப் பார்க்காதவருக்கு அது மூடிய பெட்டிதான். மூடிய பெட்டிக்கு வெளியே தெரிகிற ஒரே உருப்படி பம்பு. பழி அதன் மேல் விழுகிறது.

ஆகவேதான் ஹைட்ராலிக்ஸ் அறிமுகப் பயிற்சி என்பது நான்கு படம் வரைந்து, இரண்டு சூத்திரம் எழுதி முடிக்கிற சமாச்சாரமாக இருக்கக் கூடாது. புதுச்சேரிக்கு அந்தப் பயிற்சி ஏன் இப்போது கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பதற்கு இந்த ஊரின் ஆலைகளிலும் காரணம் இருக்கிறது, கடற்காற்றிலும் இருக்கிறது.

முள் எப்போது நகரும்?

முதல் நாள் பாடத்துக்கு ஒரு பயிற்சி மேசை போதும். கீழே ஆயில் டேங்க், அதன் மேல் மோட்டாரும் பம்பும் சேர்ந்த பவர் பேக். எதிரே நிற்கும் பலகையில் வால்வுகளையும் சிலிண்டரையும் பொருத்திக்கொள்ளலாம், கழற்றிக்கொள்ளலாம். ஹோஸ் முனையை அழுத்தினால் ‘டக்’கென்று பூட்டிக்கொள்ளும். ஃபெஸ்டோ, பாஷ் ரெக்ஸ்ராத் போன்ற ஜெர்மன் நிறுவனங்கள் இத்தகைய மேசைகளை உலகம் முழுக்க விற்கின்றன. நம் நாட்டிலேயே செய்து தருகிறவர்களும் இருக்கிறார்கள்.

பம்பிலிருந்து வரும் ஹோஸை எதிலும் மாட்டாமல் நேராக டேங்குக்கே திருப்பி விடுங்கள். மோட்டாரைப் போடுங்கள். பம்பு முழு வேகத்தில் சுற்றுகிறது, ஆயில் தாராளமாக ஓடுகிறது. பிரஷர் கேஜைப் பாருங்கள். முள் கிட்டத்தட்டப் பூஜ்யத்தில் கிடக்கும். முதன்முறை பார்க்கிற மாணவர் கேஜ் கெட்டுவிட்டது என்றுதான் நினைப்பார். இப்போது வழியில் ஒரு வால்வை வைத்து மெல்ல மூடச் சொல்லுங்கள். முள் நகரத் தொடங்கும். இன்னும் மூடினால் இன்னும் ஏறும். பம்பு முன்பு சுற்றிய அதே வேகத்தில்தான் சுற்றுகிறது.

அழுத்தத்தைப் பம்பு தருவதில்லை. பம்பு தருவது ஓட்டத்தை மட்டும். அந்த ஓட்டத்தை வழிமறிக்கிற சுமையோ தடையோதான் அழுத்தத்தை உண்டாக்குகிறது. தோட்டத்துக் குழாயின் முனையைக் கட்டைவிரலால் பாதி மூடினால் நீர் பீறிடுவது எல்லோருக்கும் தெரியும்; ஆனால் அந்த அறிவு ஜேசிபி வரைக்கும் வந்து சேர்வதில்லை. புத்தகத்தில் இந்த வாக்கியத்தைப் பத்து முறை படித்தவர்கூட வண்டி நின்றதும் ‘பம்பு பிரஷர் குடுக்கல’ என்பார். மேசையில் அந்த முள் ஏறுவதைத் தன் கையாலேயே நடத்திப் பார்த்தவர் சொல்ல மாட்டார்.

சரி, வழியை முழுதாக அடைத்தால்? அழுத்தம் ஏறிக்கொண்டே போய் ஏதாவது ஒன்று வெடிக்க வேண்டும். அதைத் தடுக்கத்தான் ரிலீஃப் வால்வு. ஒரு ஸ்பிரிங், ஒரு சிறு அடைப்பு, மேலே ஒரு திருகு. குறித்த அழுத்தம் வந்ததும் திறந்து ஆயிலை டேங்குக்கு அனுப்பிவிடும். மாணவர் அந்தத் திருகை மெல்ல இறுக்கி 20, 30, 40 என்று முள்ளை நிறுத்திப் பழக வேண்டும். பட்டறைகளில் இதை ‘கிலோ’ என்பார்கள்; ஒரு சதுர சென்டிமீட்டரில் ஒரு கிலோ எடை, ஏறத்தாழ ஒரு பார். அந்த நிலையிலேயே சில நிமிடம் ஓட விட்டு டேங்கைத் தொட்டுப் பார்த்தால் சூடு தெரியும். வேலை எதுவும் செய்யாமல் ரிலீஃப் வழியாகத் திரும்புகிற ஆயில் அத்தனை சக்தியையும் சூடாக்கி விடுகிறது. 100 பாரில் நிமிடத்துக்கு 10 லிட்டர் என்றால் அது ஒன்றரை கிலோவாட்டுக்கும் மேல். மதியத்தில் மிஷின் ஏன் சோர்கிறது என்பதற்கான பாதி விடை இந்த டேங்கின் சூட்டிலேயே இருக்கிறது.

அடுத்து சிலிண்டர். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு சுமார் 19.6 சதுர சென்டிமீட்டர். 100 பார் அழுத்தம் அதன் மேல் வந்தால் கிட்டத்தட்ட இரண்டு டன் தள்ளும். ஒரு கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவுச் சிலிண்டர் இரண்டு டன் தள்ளுகிறது என்று மாணவர் வியந்துகொண்டிருக்கும்போதே திரும்பி வரும் பக்கத்தைக் கணக்குப் போடச் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் ராடு இடத்தை அடைத்துக்கொள்கிறது. ராடு 28 மில்லிமீட்டர் என்றால் மிச்சப் பரப்பு 13.5 சதுர சென்டிமீட்டர்தான். பலம் 1.3 டன் சொச்சமாகக் குறையும். ஆனால் நிரப்ப வேண்டிய இடமும் குறைவதால் வேகம் கூடும். 10 லிட்டர் பம்பில் வெளியே போகும்போது நொடிக்கு எட்டரை சென்டிமீட்டர், உள்ளே வரும்போது பன்னிரண்டுக்கும் மேல். ஸ்டாப் வாட்ச்சை வைத்து மாணவரே அளந்து பார்க்கட்டும். கணக்குக்கும் அளவுக்கும் கொஞ்சம் இடிக்கும். எங்கே போனது அந்தக் கொஞ்சம் என்று தேடுவதுதான் நல்ல வகுப்பு.

இந்த இரண்டு பயிற்சியிலிருந்தே பழுது பார்ப்பதற்கான முதல் விதி கிடைத்துவிடுகிறது: பலம் குறைந்தால் அழுத்தத்தைத் தேடு, வேகம் குறைந்தால் ஓட்டத்தைத் தேடு. வில்லியனூர் ஜேசிபிக்குத் திரும்புவோம். எல்லாக் கையும் ஒன்றாகச் சோர்ந்திருந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவானவற்றைப் பார்க்க வேண்டும். ஆயில் மட்டம், உறிஞ்சும் பக்கத்து வடிகட்டி, ரிலீஃப் வால்வு, அப்புறம்தான் பம்பு. ஒரு கை மட்டும் சோர்ந்திருந்தால் அந்தக் கையின் வால்வும் சிலிண்டரும் மட்டுமே சந்தேகத்துக்குரியவை. மற்றக் கைகளுக்கு ஆயில் தருகிற பம்பை அதில் இழுக்க முடியாது. இன்ஜினை நிறுத்திய பிறகும் தூக்கிய கை மெல்ல இறங்குகிறதா? சுற்றாத பம்புக்கு அதில் என்ன பங்கு? உள்ளே சீலோ, வால்வுக்குள் நகரும் உருளையான ஸ்பூலோ தேய்ந்து ஆயில் கசிகிறது.

பம்பு நிரபராதி என்று எப்போதும் சொல்லிவிடவும் முடியாது. உண்மையிலேயே தேய்ந்த பம்புக்கு ஒரு குணம் உண்டு. சும்மா அசைக்கும்போது நன்றாக இருக்கும், சுமை ஏறினால் மந்தமாகும், ஆயில் சூடேறினால் இன்னும் மந்தமாகும். சூட்டில் இளகிய ஆயில் தேய்ந்த இடுக்குகள் வழியாக உள்ளுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. “காலையில நல்லா இருக்கு, மத்தியானம் ஆனா இழுக்க மாட்டேங்குது” என்று ஆபரேட்டர் சொன்னால் அந்த வாக்குமூலம் பம்புக்கு எதிரானது. அப்போதும் அளந்து பார்த்துத்தான் தண்டிக்க வேண்டும்.

ஆலைகள் மூடிய ஊரில்

ஒரு காலத்தில் புதுச்சேரிக்கு இந்தப் பயிற்சி மேசை தேவைப்படவில்லை. ஆலைகளே மேசையாக இருந்தன. 1898-இல் ரோடியர் ஆலையாகத் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ் (ஏ.எஃப்.டி.), சுதேசி, பாரதி என்று மூன்று பஞ்சாலைகள் இந்த ஊரின் பல தலைமுறைகளுக்குச் சோறு போட்டன. 1936 ஜூலை 30 அன்று துப்பாக்கிச் சூட்டில் பன்னிரண்டு தொழிலாளர்கள் உயிரிழந்த வரலாற்றை இந்த ஊர் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு வேலையையும் ஆலைகள் செய்தன: ஃபிட்டர்களை உருவாக்கின. உதவியாளாக நுழைந்த பையன் மூத்த ஃபிட்டரின் பக்கத்தில் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தே பாய்லர், பம்பு, பிரஸ் எல்லாவற்றின் சுபாவத்தையும் தெரிந்துகொண்டான். சான்றிதழ் கிடையாது. கைப்பழக்கம் கிடைத்தது.

2020 ஏப்ரல் 30-ஆம் தேதியோடு ஏ.எஃப்.டி. மூடப்பட்டது. மற்ற இரண்டும் ஓய்ந்தன. லிங்காரெட்டிப்பாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் நின்றது. கரும்பு நசுக்கும் உருளைகளில் மேல் உருளையை ஹைட்ராலிக் அழுத்தத்தால் பிடித்து வைத்திருப்பார்கள், கரும்பின் வரத்துக்கு ஏற்ப அது ஏறி இறங்கும். நசுக்குவதற்குச் சீரான அழுத்தம் எப்படித் தருவது என்பதைக் கற்க அதைவிட நல்ல இடம் இருந்திருக்காது.

ஆலைகள் போனாலும் ஹைட்ராலிக்ஸ் போகவில்லை. மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டுத் தொழிற்பேட்டைகளில் பிளாஸ்டிக் மோல்டிங் மிஷினும் ஷீட் வளைக்கும் பிரஸும் அதன் தயவில்தான் ஓடுகின்றன. ஏரிப்பாக்கத்து எம்.ஆர்.எஃப். போல டயர் செய்கிற தொழிற்சாலை என்றால் பச்சை டயரை அச்சுக்குள் வைத்து வெந்து முடியும்வரை பல டன் விசையில் மூடிப் பிடிக்க வேண்டும். பாகூர் வயல்களில் டிராக்டர் கலப்பையை எத்தனை ஆழத்தில் பிடிப்பது என்பதை ஹாரி ஃபெர்குசன் வகுத்த ஹைட்ராலிக் மூன்று புள்ளி இணைப்புத்தான் தீர்மானிக்கிறது. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் மாஸி ஃபெர்குசன் வண்டிகள் வழியாக அந்தப் பெயர் நம் கிராமங்களுக்குள் வந்தது. தவிர, பஸ்ஸின் பிரேக்கிலும் கதவிலும் சீறும் காற்று இருக்கிறது. பாய்ம ஆற்றல் (ஃப்ளூயிட் பவர்) என்ற படிப்பில் ஆயிலும் காற்றும் அண்ணன் தம்பி. காற்று ஆறேழு பாரில் வேலை முடித்துக்கொள்ளும், ஆயில் நூற்றுக்கணக்கில் போகும்.

வேலை அப்படியே இருக்கிறது, கற்றுத்தந்த இடம் மட்டும் காணாமல் போய்விட்டது. அந்த இடத்தை ஐ.டி.ஐ.யும் பாலிடெக்னிக்கும்தான் நிரப்ப வேண்டும். இரண்டு வருட ஃபிட்டர் படிப்பில் நியூமேட்டிக்ஸும் ஹைட்ராலிக்ஸும் இரண்டாம் வருடத்தில்தான் வருகின்றன. அரம் பிடித்து, துளை போட்டு, லேத்தில் நின்று, பரீட்சை நெருங்கும் வேளையில் சில வாரங்கள். மேட்டுப்பாளையத்தில் ஆண்களுக்கான அரசு ஐ.டி.ஐ., லாஸ்பேட்டையில் மோதிலால் நேரு அரசு பாலிடெக்னிக், 1984-இல் தொடங்கி 2020-இல் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த பொறியியல் கல்லூரி என்று சின்ன ஊருக்கு நிறுவனங்கள் குறைவில்லை. 2022 ஜனவரி 12 அன்று பிரதமர் மோடி காணொலி வழியாகத் திறந்துவைத்த சிறு, குறு, நடுத்தரத் தொழில்துறை அமைச்சகத்தின் தொழில்நுட்ப மையமும் சேர்ந்துகொண்டது. சுமார் 122 கோடி ரூபாய் முதலீடு, ஆண்டுக்கு ஏறக்குறைய 6,400 பேருக்குப் பயிற்சி என்பது அறிவிப்பு. அதன் முதன்மைத் துறை மின்னணுக் கருவி வடிவமைப்பும் உற்பத்தியும்.

மின்னணுவியலுக்கும் ஆயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒதுக்கிவிட முடியாது. இன்றைய பிரஸ்ஸில் வால்வைத் திறப்பது கை லீவர் கிடையாது, சாலினாய்டு என்ற மின்காந்தச் சுருள். அதற்கு உத்தரவு தருவது பி.எல்.சி. என்ற கட்டுப்பாட்டுக் கணினி. மிஷின் நின்றால் எலெக்ட்ரீஷியன் “என் பக்கம் கரண்ட் வருது” என்பார்; ஃபிட்டர் “என் பக்கம் ஆயில் இருக்கு” என்பார். நடுவில் முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டு நிற்பார். ஆயிலும் கரண்டும் ஒரே மேசையில் கற்றுத்தரப்பட்டால் இந்தச் சண்டையில் பாதி குறையும்.

பாஸ்கலின் கணக்கும் பிராமாவின் கசிவும்

இந்தப் படிப்பின் மூலவர் ஒரு பிரெஞ்சுக்காரர் என்பதில் புதுச்சேரிக்காரர்களுக்குச் சின்னச் சந்தோஷம் இருக்கலாம். பிளேஸ் பாஸ்கல் 1623-இல் பிறந்தவர், முப்பத்தொன்பது வயதில் 1662-இல் போய்ச் சேர்ந்தார். திரவங்களின் சமநிலை பற்றிய அவருடைய நூல் மறு வருடம், 1663-இல் அச்சேறியது. பதினோரு வருடம் கழித்து, 1674-இல், பிரெஞ்சுக் கம்பெனியின் பிரான்சுவா மர்த்தேன் இந்தக் கடற்கரையில் வந்து கால் ஊன்றினார்.

பாஸ்கலின் நூலில் ஒரு யந்திரம் வருகிறது. நீர் நிறைந்த மூடிய பாத்திரம். அதில் இரண்டு வாய்கள். ஒன்று மற்றொன்றைப் போல நூறு மடங்கு பெரியது. சிறிய வாயில் ஒருவர் அழுத்தினால் பெரிய வாயில் நூறு பேர் அழுத்துவதற்கு ஈடு கொடுப்பார் என்கிறார். அடைபட்ட திரவத்தில் ஓரிடத்தில் தரும் அழுத்தம் எல்லாத் திசையிலும் குறையாமல் பரவும் என்ற விதி இதுதான். இலவசமாக எதுவும் வரவில்லை என்பதையும் அவர் பார்த்துவிட்டார். சிறிய பக்கம் நூறு அங்குலம் இறங்கினால்தான் பெரிய பக்கம் ஓர் அங்குலம் ஏறும்.

கணக்கு அவ்வளவு எளிது. பிறகு ஏன் உருப்படியான பிரஸ் வருவதற்கு நூற்றுமுப்பது வருடம் ஆனது? இங்கிலாந்தில் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கியது 1795-இல்தான். நடுவில் நின்ற தடை அறிவியல் இல்லை, ஒழுகல். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே நீர் கசிந்தது. கசியாமல் இறுக்கினால் பிஸ்டன் நகரவில்லை. அந்த முடிச்சை அவிழ்த்த பெருமையைப் பிராமாவின் பட்டறையில் இருந்த ஹென்றி மாட்ஸ்லேக்குத் தருவார்கள். கிண்ணம்போல் வளைத்த தோல் வளையம். உள்ளே அழுத்தம் ஏற ஏற அந்த அழுத்தமே தோலின் உதட்டை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும், அழுத்தம் இறங்கினால் தளர்ந்து வழிவிடும். கசியப் பார்க்கிற நீரையே காவலுக்கு வைத்த புத்தி. இன்று ஜேசிபி சிலிண்டருக்குள் இருக்கும் யு வடிவச் சீல் அந்தத் தோல் வளையத்தின் வம்சம்தான். தோலுக்குப் பதில் பாலியூரித்தேன், அவ்வளவே. சீலைத் தலைகீழாக மாட்டிவிட்டுப் பம்பைத் திட்டுகிற பட்டறைகளும் உண்டு.

இதைக் கற்க லட்ச ரூபாய் மேசை வேண்டியதில்லை. பழைய இரும்புக் கடையில் கிடக்கும் லாரி ஜாக்கி ஒன்று போதும். பிரித்தால் உள்ளே ஒரு சின்னப் பிஸ்டன், ஒரு பெரிய பிஸ்டன், திரும்பி வராமல் தடுக்கும் இரண்டு இரும்புக் குண்டுகள், இறக்குவதற்கு ஒரு திருகு, சீல். முழு ஹைட்ராலிக்ஸும் அந்தக் கைப்பிடி அளவு இரும்புக்குள் இருக்கிறது. விட்டம் மூன்று மடங்கு என்றால் பரப்பு ஒன்பது மடங்கு என்பதை எந்தப் பையனும் அதற்குப் பிறகு மறக்க மாட்டான். அரசுப் பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் ஊசி போடும் சிரிஞ்சும் சலைன் டியூபும் அட்டையும் வைத்து ஜேசிபி செய்து வைத்திருப்பார்கள். ஆசிரியர்கள் சலித்துக்கொள்கிற அளவுக்கு வருடா வருடம் வரும் உருப்படி. எனக்கு அதில் சலிப்பில்லை. டியூபில் ஒரு காற்றுக் குமிழி புகுந்துவிட்டால் அட்டை ஜேசிபி துள்ளித் துள்ளி நகருமே, அதுதான் நிஜ மிஷினில் ஆயில் மட்டம் குறைந்து காற்று புகுந்தால் நடப்பதும்.

அழுத்தத்தைப் பெரிய அளவில் காட்ட வேண்டும் என்றால் மாணவர்களை நெய்வேலிக்கு அழைத்துப் போகலாம். ஜம்புலிங்க முதலியார் கிணறு தோண்டக் கறுப்புக் கட்டி வந்த கதையைத் தமிழ்நாடு அறியும். நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே நீர் அழுத்தத்தோடு அடைபட்டு நிற்பதை எல்லோரும் அறிய மாட்டார்கள். மேல்நோக்கிய அந்த அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டுக் கிலோ. ஆறு கிலோ என்றே வைத்தாலும், ஒரு சதுர மீட்டர் தரையைக் கீழிருந்து அறுபது டன் தூக்குகிறது. ராப்பகலாகப் பம்பு வைத்து அந்த அழுத்தத்தை இறக்கிக்கொண்டே இருப்பதால்தான் சுரங்கத்தின் தரை பிளக்காமல் இருக்கிறது. இதே கரையோர மண்ணில், புதுச்சேரியிலும், துளை போட்டால் தானாகப் பொங்கும் ஆர்ட்டீசியன் ஊற்றுகள் ஒரு காலத்தில் பேர்போனவை. 1880-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் டபிள்யூ. கிங் அவற்றைப் பற்றிக் குறிப்பு எழுதி, சென்னைக்கும் அப்படித் தண்ணீர் கிடைக்குமா என்று ஆராய்ந்தார்.

தூசியும் உப்புக் காற்றும்

வால்வுக்குள் ஸ்பூலுக்கும் அதன் வீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி சில மைக்ரான்கள்தான். தலைமுடி ஒன்று சுமார் எழுபது மைக்ரான். கண்ணுக்குத் தெரிகிற தூசி என்றால் அது ஏற்கெனவே பாறாங்கல். ஹைட்ராலிக் பழுதுகளில் பெரும்பங்கு அழுக்கு ஆயிலால் வருவது என்பதை இத்தொழிலில் இருக்கும் எவரும் மறுப்பதில்லை. அப்படியிருந்தும் ஹோஸைக் கழற்றினால் வாயைப் பழைய பனியன் துணியால் அடைப்பதும், மூடியில்லாத பக்கெட்டில் ஆயிலை வைத்து ஊற்றுவதும் தினசரிக் காட்சி. பனியன் நூலின் ஒரு பிசிறு ரிலீஃப் வால்வின் இருக்கையில் உட்கார்ந்தால் போதும். அது முழுசாக மூடாது, அழுத்தம் ஏறாது, ‘பம்பு போயிடுச்சு’.

புதுச்சேரியில் இதற்கு மேல் கடல் வேறு. வேலை செய்யும்போது டேங்கில் ஆயில் மட்டம் ஏறி இறங்குகிறது. இறங்கும்போதெல்லாம் பிரீதர் மூடி வழியாக வெளிக்காற்று உள்ளே வருகிறது. நம் காற்றில் ஈரம் அதிகம். இரவில் குளிர்ந்து டேங்கின் உட்புறத்தில் நீர்த்துளியாகப் படியும். நீர் கலந்த ஆயில் பால்நிறமாக மாறும், வழவழப்பு போகும், உள்ளே துரு பிடிக்கும். வெளியே, குரோமியம் பூசிய ராடில் உப்பு படிந்து பொடிப் பொடியாகக் குழி விழும். அந்தக் குழிகள் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் சீலை அரம்போல ராவும். மிஷினை நிறுத்தும்போது சிலிண்டர்களை உள்ளே இழுத்து ராடை ஒளித்து நிறுத்துவது கரையோரத்தில் நல்ல பழக்கம். இங்கே நடத்துகிற வகுப்பில் இந்தப் பாடம் இல்லையென்றால் அது வேறு ஊருக்கு எழுதிய பாடத்திட்டம்.

கசிவைக் கையால் தேடாதே

மற்றதெல்லாம் பணத்தோடு போகும். இது உயிர் சம்பந்தப்பட்டது, ஆகவே முதல் நாள் மோட்டாரைப் போடும் முன்பே சொல்லப்பட வேண்டியது.

ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் ஆயில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பீச்சாக வரும். எங்கே கசிகிறது என்று ஹோஸின் மேல் கையை வைத்துத் தடவிப் பார்ப்பது நம்மவர்களின் இயல்பு. கூடவே கூடாது. அந்தப் பீச்சு தோலைத் துளைத்து ஆயிலைச் சதைக்குள் செலுத்திவிடும். துளைப்பதற்கு மிஷின் ஓடும் அழுத்தத்தில் சிறு பங்கே போதும். எறும்பு கடித்த மாதிரி ஒரு சுருக், ஒரு சின்னப் புள்ளி, முதலில் வலிகூடப் பெரிதாக இருக்காது. துடைத்துவிட்டு வேலையைத் தொடர்வார்கள். உள்ளே போன ஆயில் தசைநார் வழியாகப் பரவி, சதையை அழிக்கத் தொடங்கியிருக்கும். சில மணி நேரத்தில் கை வீங்கும். தாமதித்தால் விரலையோ கையையோ எடுக்க வேண்டிய நிலைகூட வரும். ஒரு டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவது இதற்கு வைத்தியம் ஆகாது. உடனே ஜிப்மர் போல அறுவைச் சிகிச்சை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், “அழுத்தத்தில் ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போய்விட்டது” என்ற வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். புள்ளி சின்னதாக இருப்பதால் சொல்லாவிட்டால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். ஹோஸிலிருந்து கையைத் தள்ளிப் பிடித்து அட்டையை ஓட்டினால் ஆயில் கறை காட்டிக்கொடுக்கும்.

இன்னொன்று, மோட்டாரை நிறுத்தியதும் அழுத்தம் போய்விட்டது என்ற நம்பிக்கை. தூக்கி நிறுத்திய சுமைக்குக் கீழே ஆயில் அடைபட்டுத்தான் நிற்கிறது. ஆயிலை அழுத்தத்தோடு சேமிக்கும் அக்குமுலேட்டர் பொருத்திய மிஷினில் அது மணிக்கணக்கில் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். லாரியின் டிப்பர் தொட்டியை உயர்த்திவிட்டு, முட்டுக் கொடுக்காமல் அடியில் குனிந்து ஹோஸை லூஸ் செய்தவர்கள் வீடு திரும்பாத செய்திகளை நாம் ஆறேழு வரியில் படித்துவிட்டுத் தாண்டிப்போகிறோம். சுமையை இறக்கு, லீவரை எல்லாப் பக்கமும் அசைத்து அழுத்தத்தை விடு, கேஜைப் பார், பிறகு ஸ்பேனரை எடு. இந்த வரிசை மனப்பாடமாக வேண்டாம். யோசிக்காமல் கை தானாகச் செய்கிற அளவுக்குப் பழக வேண்டும். அதனால்தான் இது செய்முறைப் பாடம்.

சேரும் முன் கேளுங்கள்

கல்லூரி விளம்பரங்களில் பயிற்சிக்கூடத்தின் படம் பளபளப்பாக இருக்கும். பணம் கட்டும் முன் நேரில் போய்ச் சில கேள்விகள் கேட்கலாம். ஒரு மேசைக்கு எத்தனை பேர்? நாலு பேருக்கு மேல் என்றால் இரண்டு பேர் பொருத்துவார்கள், மீதிப் பேர் செல்போனில் படம் எடுப்பார்கள். ஹோஸைப் பொருத்துவது மாணவரா, பயிற்சியாளரா? ஐ.எஸ்.ஓ. 1219 குறியீடுகளில் வரைந்த படத்தைப் பார்த்துத் தானே இணைக்கிற வரைக்கும் கூட்டிப் போவார்களா, அல்லது ஏற்கெனவே இணைத்து வைத்த மேசையில் பொத்தானை அமுக்கிக் காட்டுவார்களா? வெட்டித் திறந்த பம்பும் வால்வும் கையில் எடுத்துப் பார்க்கக் கிடைக்குமா? ஆயிலை எப்போது கடைசியாக மாற்றினீர்கள் என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வருகிற மௌனத்தின் நீளத்திலேயே நிறையத் தெரிந்துவிடும்.

பெண்களைச் சேர்க்கிறார்களா என்பது அடுத்தது. ஆயில் அழுக்கு, கனமான வேலை என்ற பழைய சாக்கு இங்கே செல்லாது. கனத்தைத் தூக்குவதற்காகத்தான் இந்தத் தொழில்நுட்பமே வந்தது. கேஜைப் படித்து, அளந்து, காரணம் கண்டுபிடிக்கிற வேலைக்குத் தோள் பலம் தகுதியாக இருக்க முடியாது.

கடைசிக் கேள்வியைத்தான் நான் முதன்மையாக நினைக்கிறேன். மேசையில் வேண்டுமென்றே பழுது வைத்துத் தருவீர்களா? ரிலீஃப் திருகை யாருக்கும் தெரியாமல் தளர்த்தி வைப்பது, தேய்ந்த சீல் போட்ட சிலிண்டரை மாட்டி வைப்பது, உறிஞ்சும் குழாயில் பாதி அடைப்பு வைப்பது, சாலினாய்டின் ஒரு வயரைக் கழற்றி விடுவது. பிறகு மாணவரைக் கூப்பிட்டு, ஸ்பேனரைத் தொடாமல், கேஜையும் ஸ்டாப் வாட்ச்சையும் காதையும் மட்டும் வைத்துக் குற்றவாளி யார் என்று எழுதித் தரச் சொல்வது. எழுதிய பிறகுதான் கழற்ற அனுமதி. இதற்குக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. பயிற்சியாளருக்குக் கொஞ்சம் குறும்பு வேண்டும், அவ்வளவுதான். “எங்க மேசை எப்பவும் கரெக்டா ஓடும் சார், ஒரு ரிப்பேரும் வந்ததில்ல” என்று பெருமையாகப் பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு அடுத்த இடத்தை விசாரியுங்கள்.